பின்பிரேக் தட்டு வளைவது ஏன்? வன்னி வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்கள் குறித்து ஒரு விளக்கம்

வன்னியின் எந்தவொரு கராஜிலும் இன்று அடிக்கடி கேட்கக்கூடிய ஒரு முறைப்பாடு உண்டு. பின்பிரேக்கை மிதிக்கும்போது மிதி பாதத்தின் கீழ் துடிக்கின்றது. வாகனம் சீராக நிற்காமல் விட்டுவிட்டுப் பிடிக்கின்றது. மெதுவாகச் செல்லும்போது பின்சில்லில் இருந்து 'சர்... சர்...' என்று ஒரே தாளத்தில் உரசும் சத்தம் எழுகின்றது. மெக்கானிக் ஒரு தடவை சில்லைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, டிஸ்க் தட்டு வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். தட்டு மாற்றப்படுகின்றது. சில மாதங்கள் கழிந்ததும் அதே வாகனம் அதே முறைப்பாட்டுடன் அதே கராஜுக்கு மீண்டும் வருகின்றது.

தட்டைத் தயாரித்தவரின் குற்றம் என்றோ, 'டூப்ளிகேட்' சாமான் என்றோ இதற்கு விளக்கம் கூறப்படுவது வழக்கம். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் புதிய தட்டும் வளைகின்றது என்றால், பழைய தட்டை வளைத்த காரணம் இன்னமும் அந்த வாகனத்திலேயே இருக்கின்றது என்பதே பொருள்.

இவ்விடயம் ஏன் ஒரு நாளிதழின் பக்கத்துக்கு வர வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் உட்கிராமங்களில் மோட்டார் சைக்கிள் என்பது இளைஞரின் விளையாட்டுப் பொருளன்று. பிள்ளையைப் பாடசாலையில் விடுவதும், வயலுக்கு உரமூடை கொண்டுபோவதும், நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதும், முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் கொண்டுவந்து ஊரூராக விற்பதும் அதில்தான். விசுவமடுவில் வாழும் தமிழ் விவசாயிக்கும், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு யுத்தத்தின் பின் நீராவிப்பிட்டிக்கோ நாச்சிக்குடாவுக்கோ திரும்பிவந்த முஸ்லிம் குடும்பத்துக்கும் அது ஒன்றே குடும்ப வாகனம். பலருக்கு அது லீசிங் தவணையில் எடுத்த வாகனமும்கூட. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. ஆகவே பழைய வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட வேண்டிய நிலையில் உள்ள ஒருவர், தேவையின்றி ஒரு தட்டை வாங்குவது சிறிய நட்டமன்று. அத்துடன் துடிக்கும் பிரேக், இரவில் ஏ-9 வீதியின் நடுவே படுத்திருக்கும் மாட்டுக்கு முன்னால் வாகனத்தை நிறுத்தப் போதுமானதா என்பது வேறொரு கேள்வி.

பிரேக் என்பது வாகனத்தின் இயக்க சக்தியை வெப்பமாக மாற்றும் ஒரு சாதனம். வாகனமும், இருவரும், ஒரு சிறு மூடையுமாகச் சேர்த்து 300 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அதன் இயக்க சக்தி ஏறக்குறைய 42 கிலோயூல். இதே வாகனம் 30 கிலோமீற்றர் வேகத்தில் சென்றால் அச்சக்தி நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். 60இல் செல்லும் வாகனத்தைப் பின்பிரேக்கை மட்டும் கொண்டு ஒரேயடியாக நிறுத்தினால், ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையுள்ள உருக்குத் தட்டின் வெப்பநிலை 85 முதல் 90 பாகை வரை உயரும். எமது வெயிலையும் சேர்த்தால் 120 பாகை செல்சியஸ். மோட்டார் சைக்கிளின் தட்டு பொதுவாகக் கறையில் உருக்கினால் ஆனது. இந்த வெப்பத்தால் அது வளையாது. எனவே 'ஒருநாள் சடுதியாகப் பிரேக் அடித்தேன், அன்றே வளைந்துவிட்டது' என்ற கதையை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது.

மலைநாட்டில் நீண்ட இறக்கங்களில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும் வாகனங்களின் தட்டுகள் அளவுக்கு மீறிச் சூடேறுவதைப் புரிந்துகொள்ளலாம். வன்னியில் இறக்கம் ஏது? ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை பெரும்பாலும் தட்டையான நிலம். யுத்தத்தின் பின் கார்பட் இடப்பட்ட நேரான வீதி. அப்படியானால் அவ்வளவு வெப்பம் எங்கிருந்து வருகின்றது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

விடை, ஓட்டுநர் பிரேக் பிடிக்காத வேளையிலும் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதில் உள்ளது. பட்டைகள் தட்டை முழுமையாக விடாமல் இலேசாக உரசிக்கொண்டே இருந்தால், உதாரணமாக மூன்று கிலோகிராம் நிறைக்குச் சமமான இழுவை மட்டும் இருந்தால்கூட, 60 கிலோமீற்றர் வேகத்தில் அது 500 வாற்று வெப்பத்தைத் தொடர்ந்து உண்டாக்கும். ஒரு சிறிய மின்னழுத்தியின் சூட்டுக்கு இது ஒப்பானது. பத்து கிலோமீற்றர் ஓடும்போது அத்தட்டுக்குள் இறங்கும் வெப்பம், மேற்சொன்ன முழு நிறுத்தத்தை ஏழு தடவை அடுத்தடுத்துச் செய்வதற்குச் சமமாகும். ஓட்டுநர் இதை உணர்வதில்லை. பெற்றோல் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகிறது என்று மட்டும் நினைத்துக்கொள்வார்.

இந்த உரசலுக்குப் பல காரணங்கள் உண்டு. எனினும் எமது பிரதேசத்தில் முதலாவதாகச் சொல்ல வேண்டியது பழக்கம்.

வன்னியின் பழைய தலைமுறை மோட்டார் சைக்கிள் ஓடப் பழகியது எம்.டி. 90, சி 90 போன்ற வாகனங்களில். அவற்றின் இரு சில்லுகளிலும் இருந்தவை உருளைப் பிரேக்குகள். 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வன்னிக்கு வராதபோது, சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை இயக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. கிடைத்ததைக் கொண்டு வாகனத்தை உயிருடன் வைத்திருந்த அந்தத் திறமையை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. உருளைப் பிரேக்கில் சூ தேய்ந்து மிதி ஆழமாக இறங்கினால், சில்லின் அருகேயுள்ள கம்பியின் நட்டைச் சில சுற்றுகள் இறுக்கினால் போதும். பிரேக் மீண்டும் 'கிட்ட' பிடிக்கும். ஒவ்வொரு ஓட்டுநரும் அதைத் தானே செய்துகொண்டார்.

பின்சில்லில் டிஸ்க் பிரேக் உள்ள இன்றைய பல்சர், அப்பாச்சி, எஃப்.இசட். போன்ற வாகனங்களில் அந்த நட்டு இல்லை. பட்டை தேயத் தேய, கலிப்பரில் உள்ள பிஸ்டன் தானாகவே முன்னகர்ந்து இடைவெளியை ஈடுசெய்துகொள்ளும். ஆனால் மிதியையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் ஒரு தண்டு உண்டு. அதன் நீளத்தை மாற்ற முடியும். பிரேக் கிட்டப் பிடிக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கும்போது, பழைய பழக்கத்தில் அந்தத் தண்டே நீட்டப்படுகின்றது. பிழை இங்கேதான் ஆரம்பமாகின்றது.

மாஸ்டர் சிலிண்டருக்குள், பிரேக் ஒயில் தாங்கிக்கும் குழாய்க்கும் இடையே மிகச் சிறிய துவாரம் ஒன்று உள்ளது. காலை எடுத்ததும் பிஸ்டன் முழுவதுமாகப் பின்வாங்கினால்தான் அத்துவாரம் திறக்கும். சூடேறிய ஒயில் விரிவடையும்போது மேலதிக ஒயில் அந்தத் துவாரத்தினூடாகவே தாங்கிக்குத் திரும்ப வேண்டும். தண்டு அளவுக்கு மீறி நீட்டப்பட்டிருந்தால் பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்காது. துவாரம் மூடியே இருக்கும். ஒயில் விரியும், போக வழியில்லாததால் அமுக்கம் கூடும், பட்டைகள் தட்டை அழுத்தும், உரசலால் மேலும் சூடேறும், ஒயில் மேலும் விரியும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வட்டம் இது. முற்றிய நிலையில் பின்சில்லு பூட்டிக்கொள்வதும் உண்டு. வாகனத்தை மரநிழலில் அரை மணித்தியாலம் நிறுத்திவைத்தால் ஒயில் குளிர்ந்து சுருங்கும், சில்லும் விடுபட்டுவிடும். கராஜுக்குக் கொண்டுபோகும்போது எல்லாம் சரியாக இருப்பதால் மெக்கானிக்கின் கண்ணுக்கு வளைந்த தட்டு மட்டுமே தெரியும். வளைத்த காரணம் வரும் வழியிலேயே மறைந்துவிட்டது.

இதே விளைவை வலது காலும் தரும். மிதியின் மேல் பாதத்தை ஓய்வாக வைத்தபடி ஓடுபவர்கள் பலர். அவர்களது மிதி உயரமாகச் சரிசெய்யப்பட்டிருந்தால், பள்ளம் விழுந்த கிரவல் வீதியில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பிரேக் பிடிபடும். இப்படி ஓடும் வாகனத்தின் பிரேக் விளக்கு இடையறாது எரிந்துகொண்டிருக்கும். பின்னால் வருபவர் இதை ஓட்டுநருக்குச் சொல்லிவிடுவது பெரிய உபகாரம்.

அடுத்த காரணம் துருவும் சேறும். பின்பிரேக்கின் கலிப்பர் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ளது. மறுபக்கப் பட்டையும் தட்டில் படுவதற்காக முழுக் கலிப்பருமே இரு ஆணிகளின் மேல் வழுக்கி நகர வேண்டும். அவ்வாணிகளின் இறப்பர் உறை கிழிந்து, கிறீஸ் காய்ந்து, துருப்பிடித்துவிட்டால் கலிப்பர் நகராது. ஒரு பக்கப் பட்டை மட்டும் தட்டை ஒருபுறமாகத் தள்ளும். விட்டாலும் முழுதாக விடாது. மாரியில் வயற்கரை வீதிகளின் சேறும், கோடையில் செம்புழுதியும் இதைச் செய்கின்றன. நந்திக்கடலைக் கடக்கும் வட்டுவாகல் பகுதியில் மழைக்காலத்தில் மேவிப் பாயும் நீரினூடாகச் சென்றவர்கள், வீடு வந்ததும் நல்ல நீரால் பின்சில்லைக் கழுவுவதில்லை.

மீன் வியாபாரிகளின் வாகனங்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். கரியரில் கட்டிய பெட்டியிலிருந்து ஐஸ் உருகிய உப்புநீர் துளித்துளியாகச் சொட்டி, பின்சில்லின் வலப்புறத்தில் உள்ள தட்டின் மேலும் கலிப்பரின் மேலும் விழுகின்றது. உப்பு ஆணியை அரிக்கின்றது. உரசலால் சூடான தட்டின் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்த நீரால் திடீரென்று சுருங்குகின்றது. இரண்டும் கெடுதியே. பெட்டியின் அடியில் ஒரு துளையிட்டு, ஒரு முழம் இறப்பர் குழாயைப் பொருத்தி, அதன் நுனியை இடப்புறமாகச் சங்கிலிக்கும் ரயருக்கும் அப்பால் இறக்கிக் கட்டிவிட்டால் இத்தொல்லை தீரும். செலவு ஒரு தட்டின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று.

பிரேக் ஒயில் பற்றியும் ஓரிரு வார்த்தைகள். இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அவ்வெல்லை 155 பாகை அளவுக்கு இறங்கிவிடலாம். அதனால்தான் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறையாவது மாற்றும்படி கூறுகிறார்கள். தாங்கியில் ஒயில் குறைந்துவிட்டது என்று இயந்திர ஒயிலை ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது பிஸ்டனைச் சுற்றியுள்ள இறப்பர் வளையத்தை ஊதச் செய்யும். ஊதிய வளையம் பிஸ்டனைப் பின்வாங்க விடாது. மண்ணெண்ணெயில் இயந்திரத்தை ஓட்டிய சாமர்த்தியம் பிரேக்குக்குள் செல்லுபடியாகாது.

இனி, சூடு எவ்வாறு தட்டை வளைக்கின்றது? பின்தட்டு மெல்லியது, புதிதாக இருக்கும்போதே நான்கு அல்லது ஐந்து மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதன் உட்பகுதி சில்லின் மையத்தோடு போல்ட்களால் இறுக்கப்பட்டிருக்கின்றது. பட்டைகள் உரசுவதோ வெளி வளையத்தில். வெளி வளையம் சூடேறி விரிய முயலும்; குளிர்ந்த உட்பகுதி அதைப் பிடித்து வைத்திருக்கும். போக இடமில்லாத உலோகம் பக்கவாட்டில் புடைக்கும். வெப்பம் மிதமாயின் குளிர்ந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பல நூறு பாகைக்கு ஏறியிருந்தால் உலோகம் அழுந்திய நிலையிலேயே நிரந்தர மாற்றம் அடைந்துவிடும், குளிர்ந்தபின் நேராகாது. தட்டில் நீலம் பாய்ந்த நிறம் தெரிந்தால் அது அத்தகைய சூட்டின் தடயம். அந்தத் தட்டைச் சுத்தியலால் நிமிர்த்துவதும், தீயில் காய்ச்சி நிமிர்த்துவதும், கடைச்சல் பட்டறையில் கொடுத்துச் சீவுவதும் நல்ல யோசனைகள் அல்ல. தேய்மானத்துக்கென அனுமதிக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் அரை மில்லிமீற்றர் அளவே. அந்த ஆகக்குறைந்த தடிப்பு தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

சூட்டுடன் சம்பந்தமே இல்லாத வளைவும் உண்டு. ரயருக்கு ஒட்டுப் போடும் இடத்தில் பின்சில்லு கழற்றப்பட்டு, தட்டு கீழ்ப்புறமாக இருக்கும்படி சீமெந்துத் தரையில் கிடத்தப்படுகின்றது. மேலே ஏறி நின்று லீவர் போட்டு ரயரைக் கழற்றுகிறார்கள். ஓர் ஆளின் முழுப் பாரமும் நான்கு மில்லிமீற்றர் தட்டின் ஓரத்தில் இறங்குகின்றது. வன்னியின் உள்வீதிகளில் கல்லும் முள்ளும் தரும் வேலை நிறையவே உண்டு என்பதால் இது அரிதான சம்பவமன்று. சில்லின் கீழே ஒரு பழைய ரயரைப் போட்டுக்கொண்டால், அல்லது தட்டு மேற்புறமாக இருக்கும்படி திருப்பிவைத்தால் விடயம் முடிந்தது. அருகில் நின்று அதைச் சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

தட்டை மாற்றும் விதத்திலும் தவறு நேர்கின்றது. பழைய தட்டைக் கழற்றியதும் அது அமர்ந்திருந்த முகப்பில் துருவும் மண்ணும் ஒட்டியிருக்கும். கம்பித் தூரிகையால் அதைச் சுத்தம் செய்யாமல் புதிய தட்டைப் பொருத்தினால், போல்ட் இருக்கும் இடத்தில் 0.1 மில்லிமீற்றராக இருக்கும் துரு, தட்டின் வெளி ஓரத்தில் ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர் ஆட்டமாகத் தெரியும். தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் மொத்த ஆட்டமே வாகனத்துக்கு வாகனம் 0.1 முதல் 0.3 மில்லிமீற்றர் வரைதான். அதாவது நேரான புதிய தட்டே 'வளைந்த' தட்டாக ஓடத் தொடங்கும். போல்ட்களையும் வட்ட வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக முழுமையாக இறுக்காமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

உண்மையில், மிதி துடிக்கின்றது என்று மாற்றப்படும் தட்டுகளில் ஒரு பகுதி வளைந்தவையே அல்ல. தட்டின் தடிப்பு இடத்துக்கிடம் சிறிது வேறுபட்டாலும் அதே துடிப்பு வரும். சூடான பட்டைகளோடு ரயில் கடவையில் காத்திருக்கும்போது மிதியை அழுத்தியபடியே நின்றால், பட்டையின் பொருள் அந்த ஓரிடத்தில் தட்டோடு ஒட்டிவிடும். பின்னர் அவ்விடம் வரும்போதெல்லாம் பிரேக் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். சங்கிலிக்கு ஊற்றிய கழிவு ஒயில் தெறித்துத் தட்டில் படிந்தாலும் இப்படியே. இவற்றைத் தட்டை நன்றாகக் கழுவி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்ய முயலலாம். சில்லின் பெயரிங் தேய்ந்து ஆடுவதும் வளைந்த தட்டைப் போலவே தோற்றமளிக்கும். சில்லின் மேற்புறத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பின்பிரேக் மட்டும் ஏன் இவ்வளவு பாடுபடுகின்றது என்பதையும் பேசியாக வேண்டும். முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம் என்ற அச்சம் எம்மவரிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. மணலிலும் கிரவலிலும் பழகியவர்களுக்கு அந்த அச்சம் நியாயமானதே. அங்கே முன்பிரேக்கைச் சடுதியாகப் பிடித்தால் விழத்தான் செய்வர். ஆனால் கார்பட் வீதியின் கணக்கு வேறு. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சில்லுக்கு மாறுகின்றது. பின்சில்லு இலேசாகி வீதியில் பிடிமானத்தை இழக்கின்றது. உலர்ந்த நல்ல வீதியில் 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து பின்பிரேக்கால் மட்டும் நிறுத்தினால் ஏறத்தாழ 40 மீற்றர் தூரம் தேவைப்படும். இரண்டையும் சேர்த்து முறையாகப் பிடித்தால் அதில் பாதி போதும். கனகராயன்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே இருளில் மாடொன்று எழுந்து நிற்கும்போது அந்த 20 மீற்றர் வித்தியாசம் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. பின்பிரேக் துடிப்பதால் அதை மிதிக்கத் தயங்கி, முன்பிரேக்கையும் தொட அஞ்சி, இறுதியில் எந்தப் பிரேக்கும் இல்லாமல் ஓடுபவர்களையும் நாம் காண்கிறோம்.

கராஜுக்குச் செல்லுமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பிரேக்கை இயன்றவரை பயன்படுத்தாமல் ஐந்து கிலோமீற்றர் ஓடி, முன்பிரேக்கால் மட்டும் மெதுவாக நிறுத்துங்கள். பின்தட்டை விரலால் தொடக்கூடாது. ஓரிரு துளி நீரைத் தெளித்துப் பாருங்கள். சுரீரென்று ஆவியானால் பட்டைகள் தட்டை விடவில்லை என்று அர்த்தம். அப்போது கேட்க வேண்டியது புதிய தட்டன்று. மிதியின் தளர்வு, தண்டின் நீளம், கலிப்பர் ஆணிகள், ஒயில் ஆகியவற்றைப் பார்க்கும்படியே கேட்க வேண்டும். நீர் ஆவியாகாவிட்டால், வாகனத்தை நடுத்தாங்கியில் நிறுத்தி, ஒரு மெல்லிய கம்பியைப் பின்சில்லைத் தாங்கும் சட்டத்தில் கட்டி, அதன் நுனி தட்டைத் தொடாமல் மயிரிழை இடைவெளியில் நிற்கும்படி வளைத்து, சில்லை மெதுவாகச் சுழற்றுங்கள். இடைவெளி ஓரிடத்தில் விரிந்து ஓரிடத்தில் மூடினால் தட்டிலோ, அது அமர்ந்திருக்கும் முகப்பிலோ, பெயரிங்கிலோ குறை உண்டு. தட்டுத்தான் என்று உறுதியாகி மாற்றும்போது பட்டைகளையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய தட்டின் பள்ளங்களுக்கு ஏற்பத் தேய்ந்த பட்டை புதிய தட்டில் முழுமையாக அமராது. முதல் 200 கிலோமீற்றர் வரை பாரம் ஏற்றாமல், பிரேக்கை மென்மையாக மட்டும் பிடித்து ஓடினால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும்.